சம்பந்தியம்மாவிடம் பேச லிதுவேனிய மொழி தேடியது

அடுத்த மாதம் நானும் என் மனைவி வசந்தாவும் லிதுவேனியாவுக்குப் போகிறோம். எங்கள் மகன் செந்தில் அங்கே கௌனஸ் என்ற ஊரில் லாரி ஓட்டுகிறான். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண் ரூத்தா, அதே கம்பெனியின் ஆபீசில் வேலை பார்க்கிறாள். முறைப்படி போய்ப் பெண் கேட்க வேண்டும். ஆனால் நான் எழுத வந்தது கௌனஸ் பயணத்தை அல்ல. அங்கே போக விடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் ஆறு நாள் தஞ்சாவூர், வேளாங்கண்ணி, பூம்புகார் என்று நம் பக்கத்திலேயே அலைந்ததை. அந்த அலைச்சலுக்கு என் வாய்தான் காரணம்.

கீழ்வேளூரில் மைக் செட் வைத்திருக்கிறேன். லோடு ஆட்டோவில் இரண்டு கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, கல்யாணம், கட்சிக் கூட்டம், இறப்புச் செய்தி என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டே போவது பிழைப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேச்சு முடியவில்லை. வழியில் யாராவது எதையாவது ருசியாகச் சொல்லிவிட்டால் ஆட்டோவை ஓரம் கட்டி நோட்டில் எழுதிக்கொள்வேன். இப்படிப் பேச்சையே தின்று வளர்ந்தவன், பெண்ணின் அம்மாவுக்கு நாமே ஒரு செய்தி அனுப்பினால் மரியாதையாக இருக்குமே என்று நினைத்தேன். போனில் தமிழில் எழுதினால் அதுவே அந்த மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் என்றார்கள். எழுதினேன்.

"நாங்கள் பெண் கேட்டு வருகிறோம். எங்கள் வீட்டுக்குப் பெண் வந்தால் போதும். வேறு எதுவும் வேண்டாம்."

நம் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா இதைவிடப் பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நகை வேண்டாம், சீர் வேண்டாம், வண்டி வேண்டாம் என்று அர்த்தம். கேட்ட பெண் வீட்டார் கண் கலங்கிக் காபி கொண்டு வருவார்கள்.

திங்கட்கிழமை காலையில் செந்தில் கூப்பிட்டான்.

"அப்பா, என்னப்பா அனுப்பி வச்சீங்க?"

"ஏன்டா, மரியாதையாத்தானே அனுப்புனேன்?"

"அங்க போய்ச் சேந்தது என்னன்னு தெரியுமா? 'எங்கள் வீட்டுக்கு ஒரு பொம்பளை மட்டும் தேவை. வேறு எதுவும் தேவையில்லை.' இதான் போயிருக்கு."

"பொம்பளைன்னா?"

"பாத்திரம் கழுவ, துணி துவைக்க ஆளு கேக்குறோம்னு நினைச்சுட்டாங்க. ரூத்தா எடுத்துச் சொன்னா. அவளுக்குச் சிரிப்பு. அவங்கம்மாவுக்குச் சிரிப்பு வரல."

அந்த அம்மாவின் பெயர் தனுத்தே. கணவர் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஒரே மகளை வளர்த்தவர். அவர் சொல்லி அனுப்பியதைச் செந்தில் தமிழில் சொன்னான். "மகள் வாயால் கேட்கமாட்டேன், மெஷின் வாயாலும் கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த மனிதர் என்னிடம் நேராகப் பேசட்டும். கேட்ட பிறகு, வரச் சொல்வதா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன்."

"அவங்க வேண்டாம்னுட்டா?"

"ரூத்தா அம்மா பேச்ச மீற மாட்டாப்பா" என்றான். அவன் குரல் கீழே இறங்கிவிட்டது.

வசந்தா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "ஊரு பூரா பேசுற வாயி. சம்பந்தியம்மாகிட்ட மட்டும் இப்புடிப் பேசிட்டு வந்து நிக்கிது."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நன்றாக இருந்தது, என்னைப் பற்றியது என்றாலும்.

செவ்வாய்க்கிழமை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். அவ்வளவு பெரிய ஊரில் இந்த மொழிக்கு ஒரு புத்தகம் கிடைக்காதா? நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கேட் போட்டால் இஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். முதலில் ஒரு சரக்கு ரயில் நெல் மூட்டையோடு போனது. அது போன பிறகும் கேட் திறக்கவில்லை. கண்டக்டர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "அவசரம் உள்ளவங்க நேத்தே கிளம்பியிருக்கணும்."

அந்த நேரத்தில் போனை நோண்டினேன். பேர் போன சில ஆப்களின் பட்டியலில் அந்த மொழியே இல்லை. இருந்த ஒன்றில் முதல் பாடம், "குதிரை ஆப்பிள் சாப்பிடுகிறது." பக்கத்து சீட்டில் வெற்றிலைக் கட்டு வைத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். "எதுக்குங்க இது?" விஷயத்தைச் சொன்னேன். "சம்பந்தி வருத்தத்துக்கும் குதிரைக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி.

தஞ்சாவூரில் முதலில் இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட அந்தக் கடப்பாவைத் தொட்டுச் சாப்பிட்டால்தான் எனக்கு அந்த ஊர் வந்த மாதிரி இருக்கும். பிறகு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புத்தகக் கடை.

"எந்த மொழி சார்?"

"லிதுவேனியா."

"லித்தியமா? பேட்டரி கடை எதுத்தாப்ல."

விளக்கிச் சொன்ன பிறகு கடைக்காரர் ஏணி போட்டு ஏறி ஒரு வரிசையையே இறக்கினார். முப்பது நாளில் ஹிந்தி, முப்பது நாளில் மலையாளம், அரபி இரண்டு விதம், மலாய் ஒன்று. வரிசையைப் பார்த்தாலே நம் ஆட்கள் எங்கெல்லாம் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. "நீங்க சொல்ற ஊருக்கு நம்ம சனம் இன்னும் போதுமான அளவு போகல சார். போகட்டும், புக்கு தானா வரும்" என்றார்.

நூலகத்தில் ஒரு அம்மா, "அது ரஷ்யாவுக்குப் பக்கம்தானே, இதை வச்சுச் சமாளிங்க" என்று தமிழ் வழியாக ரஷ்யன் படிக்கும் பழைய புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். அங்கேயே உட்கார்ந்து நான்கு வார்த்தை மனப்பாடம் செய்தேன். வெளியே வந்து செந்திலிடம் போனில் சொல்லிக் காட்டினேன். அவன் பதறிவிட்டான். "அப்பா! எதச் சொன்னாலும் சொல்லுங்க, அந்த வீட்ல அந்த மொழிய மட்டும் எடுத்துடாதீங்க. ரஷ்யாக்காரன் அந்த நாட்டப் பிடிச்சு வச்சிருந்த பழைய காயம்." கற்றுக்கொண்ட நான்கு வார்த்தையையும் அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். திரும்பும்போது கேட் திறந்தே இருந்தது. வெறுங்கையோடு வரும்போது மட்டும் எந்தத் தடையும் இருப்பதில்லை.

புதன்கிழமை வெளியூர் போகவில்லை. இணையத்தில் இருந்து ஒரு சிறு பாடநூலும், அதோடு ஒரு பெண் பேசிய ஒலிப்பதிவும் இறக்கினேன். போன் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லா உயிரெழுத்தும் ஒன்றாகவே கேட்டது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். போனை ஆம்ப்ளிஃபையரில் சொருகி, ஆட்டோ மேலிருந்த கூம்பு ஸ்பீக்கரில் விட்டேன். ஆட்டோ நின்ற இடம் வயலோரம். அங்கே சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது.

"லாபஸ்" என்றாள் அந்தப் பெண், அரை மைலுக்கு. வணக்கம் என்று அர்த்தம். பிறகு, "ஆச்சூ." நன்றி. மறுபடியும் "ஆச்சூ. ஆச்சூ."

நடவு ஆட்களைக் கூட்டிவரும் பாக்கியம் இடுப்பை நிமிர்த்தி, கையில் நாற்று முடியோடு கத்தினாள். "அண்ணே! எந்த ஊரு சாவு?"

"சாவு இல்ல பாக்கியம், பாஷை!"

"பாஷையா? மூணு வாட்டி ஆச்சு ஆச்சுங்குது. இன்னும் பாதி வயலு கிடக்கு, எங்க ஆச்சு?"

"ஆச்சூன்னா அவங்க ஊர்ல நன்றின்னு அர்த்தம்!"

"அப்புடியா? அப்ப நாங்க தினம் சாயங்காலம் நன்றி சொல்லிட்டுத்தான் கரையேறுறோம்."

வயல் முழுக்கச் சிரிப்பு. நானும் மைக்கில் "ஆச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். பாக்கியம் தலையை ஆட்டினாள். "நீங்க சொல்றது முடிஞ்சுபோன ஆச்சு. அந்தப் பொண்ணு சொல்றது இழுத்து நிக்கிற ஆச்சூ. இன்னொருக்கா சொல்லுங்க."

அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த மொழியில் குறில் நெடில் மாறினால் வேலை கெட்டுவிடும். அதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் படித்தால் எது குறில், எது நெடில் என்று தெரியாது. நம் எழுத்தில் எ வேறு, ஏ வேறு. நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதினேன். அன்று மதியம் வரைக்கும் நான் சொல்ல, நடவு வயல் திருத்தியது. அப்படி ஒரு வகுப்பில் நான் படித்ததே இல்லை.

ஒரு எழுத்தில் மட்டும் ஏமாந்தேன். அந்தப் பாடநூல் ஓர் ஒலிக்கு இசட், எச் இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தது. இசட், எச் வந்தால் நமக்கு என்ன? ழ. தமிழுக்கே அப்படித்தானே எழுதுகிறோம்! லிதுவேனியாக்காரர்களிடமும் ழகரம் இருக்கிறது என்று வசந்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். 'சொல்' என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தையை "ழோதிஸ், ழோதிஸ்" என்று நாக்கை மடித்து மடித்து மாலை வரை உருட்டினேன்.

வியாழக்கிழமை காலையில் வேளாங்கண்ணியிலிருந்து அந்தோணி கூப்பிட்டார். அங்கே ஒரு லாட்ஜில் மேனேஜர். திருவிழாவுக்கு நான் மைக் கட்டப் போகும்போது பழக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் யாத்திரைக்காரர்களில் அந்த ஊர்க்காரர் யாராவது வந்தால் சொல்லுங்கள் என்று முந்தின நாள் கேட்டு வைத்திருந்தேன்.

"மைக் செட் அண்ணே, உடனே கிளம்பி வாங்க. நீங்க சொன்ன நாடு வந்து இறங்கியிருக்கு. புருஷன், பொண்டாட்டி."

மழை பிடித்துக்கொண்டது. நாகப்பட்டினத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் கூரை ஒழுகியது. ஜன்னலோரத்தில் ஒரு அம்மா பஸ்ஸுக்குள்ளேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அவரிடம், "குடைக்குத் தனி டிக்கெட் இல்லம்மா, தாராளமா பிடிங்க" என்றார்.

லாட்ஜ் வரவேற்பறையில் நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பெயர் இல்சே. கணவருக்கு வயிறு சரியில்லாமல் அறையில் படுத்திருந்தார். நான் கையைக் கூப்பி, நெடில் தவறாமல், "லாபஸ்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு அந்தோணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அந்தோணியின் முகம் சுருங்கியது.

"அண்ணே... இவங்க லாட்வியாவாம். உங்களுது லிதுவேனியாவாமே. ரெண்டும் ஒரே எழுத்துலதானே ஆரம்பிக்குது, நான் என்னத்தக் கண்டேன்?"

இல்சே சொன்னதை அந்தோணி தமிழில் சொன்னார். "நாங்கள் பக்கத்து நாடு. சொந்தக்கார மொழிதான். ஆனால் உங்களைத் தெலுங்கு பேசச் சொன்னால் பேசுவீர்களா?" ஆந்திரா வழியாக வந்தவர் போலிருக்கிறது, கேள்வி கச்சிதமாக இருந்தது.

வந்தது வந்தோம், கதையைச் சொன்னேன். பெண் வந்தால் போதும் என்று நான் எழுதியது, அது போய்ச் சேர்ந்த விதம், ஞாயிற்றுக்கிழமைக் கெடு. அந்தோணி மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குப் புரியவில்லை. "நீங்களே படியுங்கள்" என்றார். படித்தேன். "ழோதிஸ்" வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

அந்த எழுத்து அவர்கள் மொழியிலும் உண்டாம். அவர் மேசை மேல் குனிந்து, பூவைச் சுற்றும் வண்டு மாதிரி ஓர் ஒலி எழுப்பினார். நாக்கை மடிக்கவே கூடாது, பல்லுக்குப் பின்னால் நீட்டி வைத்து ஊத வேண்டும். நானும் அந்தோணியும் லாட்ஜ் வாசலில் நின்று பத்து நிமிஷம் வண்டு விட்டோம். சாவி கேட்க வந்த ஒரு குடும்பம், வேறு லாட்ஜ் பார்க்கலாமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது.

மழை விட்டதும் கடற்கரைக் கடையில் வறுத்த மீன் வாங்கி வந்தேன். இல்சே தன் பையிலிருந்து ஒரு கறுப்பு ரொட்டியை எடுத்து நறுக்கித் தந்தார். புண்ணாக்கு நிறம், பழைய மாவின் புளிப்பு, நடுநடுவே சோம்பு மாதிரி ஒரு விதை. முதல் கடி பிடிக்கவில்லை. நான்காவது கடியில் மீனோடு சேர்ந்துபோனது. லிதுவேனியாவிலும் இதே ரொட்டிதான், விருந்தில் வைத்தால் மிச்சம் வைக்காதீர்கள் என்றார். அங்கேயும் நிலம் நம் பக்கம் மாதிரிச் சமதளம்தானாம், ஆறு ஓடுமாம், ஆனால் குளிர்காலத்தில் வயல் மேல் வெள்ளை விரித்துக் கிடக்குமாம். நெல் அறுத்த தாளடி மேல் உப்பைக் கொட்டி வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு லிதுவேனியாவில் ஒரு தோழி இருந்தார். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். போனில் என் கதையை அனுப்பினார். சற்று நேரத்தில் டீச்சரின் குரல் வந்தது. முதலில் வந்தது சிரிப்புதான். பிறகு இங்கிலீஷில் நிதானமாகப் பேசினார், அந்தோணி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இலக்கணப் புத்தகத்தை மூடி வையுங்கள், அதைப் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வராது என்றார். ஒன்றாம் வகுப்பு எழுத்துப் புத்தகத்தின் படப் பக்கங்களை அனுப்பினார். குழந்தைகளுக்கு ரேடியோவில் கதை சொல்கிறார்கள், புரியாவிட்டாலும் அதை ஓட விடுங்கள், காது பழகும் என்றார். மனிதக் குரலில் சொல்லிக் காட்டும் அகராதி ஒன்றையும் சொன்னார். மூன்று நாளாக நான் தேடியதெல்லாம் ஒரு டீச்சரின் வாயில் இருந்தது.

எனக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "அந்தம்மாவ எப்புடிக் கூப்புடறது? நாங்க சம்பந்தியப் பேர் சொல்லிக் கூப்புட மாட்டோம்."

டீச்சர் சொன்னது எனக்கு இனித்தது. அங்கேயும் நீ வேறு, நீங்கள் வேறு. பெரியவர்களுக்கு 'யூஸ்', நீங்கள். முன்னால் 'பொன்யா' என்று சேர்த்துவிட்டால் அம்மா என்ற மரியாதை. பேர் தனுத்தே. ஆனால் கூப்பிடும்போது கடைசி எழுத்து குறுகித் 'தனுத்தெ' ஆகும். முருகன் என்பவனை முருகா என்று கூப்பிடுவது போல. விளி வேற்றுமை! நான் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தது அது ஒன்றுதான். அவர்களுக்கு வேற்றுமை ஏழு, நமக்கு எட்டு. ஒன்று கூடுதலாகவே கையில் வைத்துக்கொண்டுதான் பயந்திருக்கிறேன்.

மன்னிப்புக்கு ஒரு வரியைத் தன் குரலிலேயே பேசி அனுப்பினார். "அத்ஸிப்ரஷௌ. ப்ளொகய் பஸகியௌ." மன்னியுங்கள், தப்பாகச் சொல்லிவிட்டேன். கிளம்பும்போது இல்சேயிடம் "ஆச்சூ" என்றேன். லாட்வியாவில் நன்றிக்கு அது இல்லை என்று சொல்லிவிட்டு, ஆனாலும் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பூம்புகாரில் மீனவர் கூட்ட அறிவிப்பு வேலை, மாற்ற முடியாதது. காரைக்கால் வழியாக ஆட்டோவை ஓட்டினேன். பக்கத்து சீட்டில் போன் குழந்தைக் கதை சொல்லிக்கொண்டே வந்தது. கதையில் ஓநாய் வந்தது என்று மட்டும் தெரிந்தது, ஊளையிட்டார்கள். அறிவிப்பை முடித்துவிட்டுத் திரும்பும்போது கடற்கரைச் சாலையில் பின் சக்கரம் பஞ்சர். ஜாக்கி போட்டுக்கொண்டே வாய்க்குள் "அத்ஸிப்ரஷௌ, ப்ளொகய் பஸகியௌ" என்று ஓட்டினேன். மீன் கூடையோடு நிழலில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்.

"என்னங்க, டயருக்கு மந்திரமா?"

"மன்னிப்பு கேக்கப் பழகுறேம்மா. வேற பாஷையில. சம்பந்தியம்மாகிட்ட."

"எங்க, இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "பாஷை எனக்குத் தெரியாது. ஆனா இது பஸ்ஸ விட்டுடுவோமேன்னு கேக்குற மன்னிப்பா இருக்கு. இவ்வளவு வேகமா கேட்டா யாரு தருவா? கேட்டுட்டு நில்லுங்க. அவங்க முகத்தப் பாருங்க."

இருபத்தைந்து வருஷமாக ஓடுகிற ஆட்டோவில் இருந்தே பேசியவன் நான். தெரு முடிவதற்குள் செய்தியை முடிக்க வேண்டும், அதுதான் பழக்கம். நின்று பேசுவது எப்படி என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. நட்டை முடுக்கிவிட்டு நின்று, அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன். "இது பரவாயில்ல" என்று இரண்டு கெளுத்தியை இலையில் சுற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை எழுத்துப் புத்தகத்தோடு போனது. மன்னிப்பு மட்டும் போதாது, நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல வேண்டும். டீச்சர் எழுதிய வரியாக இல்லாமல் என் வரியாக இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். குடும்பப் படம் போட்ட பக்கத்திலிருந்து மூன்று சொல் எடுத்தேன். யூசூ, உங்களுடைய. மூசூ, எங்களுடைய. துக்ரா, மகள். கோத்தேன். "யூசூ துக்ரா, மூசூ துக்ரா." உங்கள் மகள் எங்கள் மகள். எதுகை கூட அமைந்துவிட்டது. வசந்தாவிடம் சொல்லிக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. யாருகிட்டயாச்சும் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வசந்தா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். அவங்க வீட்டுக்குப் போற மாதிரிதானே என்றாள். மூன்று மணி தாண்டிப் போன் வந்தது. திரையில் ஒரு சமையலறை, ஜன்னலோரம் செடித் தொட்டி, நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிய அம்மா. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூத்தாவும் செந்திலும் வேறு அறையில் இருக்க வேண்டும் என்று உத்தரவாம்.

"லாபஸ், பொன்யா தனுத்தெ."

அவர் புருவம் கொஞ்சம் ஏறியது. கை பிரியவில்லை.

"அத்ஸிப்ரஷௌ. ப்ளொகய் பஸகியௌ."

சொல்லிவிட்டு நின்றேன். முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததை வசந்தா தன் வாழ்நாளில் கண்டதில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

பிறகு என் வரியைச் சொன்னேன். "யூசூ துக்ரா, மூசூ துக்ரா."

அவர் முகம் இறுகியது. "நெ" என்றார். இல்லை. இவ்வளவு சின்னச் சொல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. வசந்தா என் கையைப் பிடித்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் அந்த அம்மா எழுந்து போகவில்லை. கட்டியிருந்த கையைப் பிரித்து, ஒரு விரலை உயர்த்தி, பிள்ளைக்குச் சொல்வது போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"யூசூ துக்ரா, *இர்* மூசூ துக்ரா."

இர். எழுத்துப் புத்தகத்தின் எல்லாப் பக்கத்திலும் கிடந்த சொல். பூனையும் நாயும், அம்மாவும் அப்பாவும் என்று வரும் இடத்தில் எல்லாம் நடுவில் நிற்கும். நம்முடைய 'உம்'. உங்கள் மகள் எங்கள் மகள் என்று நான் சொன்னது, இனி அவள் எங்களுடையவள் என்று போய் விழுந்திருக்கிறது. ஒரு வாரத்தில் இரண்டாவது முறையாக அவர் மகளை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகள், எங்களுக்கும் மகள். அந்த 'உம்' இல்லாமல்தான் ஆறு நாள் அலைந்திருக்கிறேன்.

"யூசூ துக்ரா, இர் மூசூ துக்ரா" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"லௌகியு" என்றார். காத்திருக்கிறேன் என்று அர்த்தம் எனப் பிறகு அகராதியில் பார்த்தேன். அப்போது அகராதி தேவைப்படவில்லை, வாங்க என்று கையைக் காட்டிய விதத்திலேயே தெரிந்தது.

நான் ஆச்சூ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. தன் நெஞ்சில் கை வைத்து, வசந்தாவைப் பார்த்து, அதே நிதானத்தில் சொன்னார். "யூசூ ஸூனுஸ், இர் மனோ ஸூனுஸ்."

"என்ன சொல்றாங்க?" என்றாள் வசந்தா.

"உங்க மகன், எனக்கும் மகன்ங்குறாங்க."

வசந்தா என் கையிலிருந்து போனை வாங்கினாள். தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"எங்களுக்கும் ஒரே புள்ளதாங்க அவன்" என்றாள், தமிழில். "பாத்துக்குங்க. அப்பப்ப அனுப்பி வைங்க."

ஒரு சொல்லும் புரியாமல் அந்த அம்மா தலையை ஆட்டினார். "தைப்" என்றார். "தைப், தைப்."

ஆமாம். ஆமாம், ஆமாம்.